பழவேற்காடு மணலில் விதையிட்டு வீட்டுப் புல்தரை: தைப்பட்டத்தில் சிறிய அளவில் தொடங்குங்கள்

வயலில் வேரோடு பிடுங்கி வரப்பில் எறியும் அருகம்புல்லைக் காசு கொடுத்து விதை வாங்கி வளர்ப்பதா என்று பல உழவர்கள் கேட்கிறார்கள். பொன்னேரி நெல் வயலில் அருகு களைதான். ஆனால் அங்கிருந்து வடகிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் நிலைமை வேறு. பங்குனி, சித்திரையில் கடல்காற்று எழுந்தால் முற்றத்து மணல் அடுப்படி வரை வருகிறது. குழந்தைகள் விளையாட, வலை பின்ன, மாலையில் உட்கார ஒரு பசுந்தரை இருந்தால் நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. அவர்களில் பலர் பாக்கெட் விதை வாங்கித் தூவி, முளைக்காமலோ முளைத்துக் கருகியோ பணத்தை இழந்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் மணலும் அல்ல, விதையும் அல்ல. விதை முளைக்கும் முதல் மூன்று வாரத்தில் மண்ணிலும் நீரிலும் இருக்கும் உப்புதான். வேரூன்றிய அருகம்புல் நல்ல அளவு உப்பைத் தாங்கும். முளைவிடும் விதையும் இளங்கன்றும் தாங்காது. எனவே மழை உப்பைக் கழுவிவிட்ட பிறகு, நன்னீர் கிடைக்கும் நேரம் பார்த்து, நம்மால் நீர் ஊற்ற முடிந்த அளவு இடத்தில் மட்டும் விதைக்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இதற்கு அடுத்தவை.

எந்த இடம் ஏற்றது?

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன; முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வருகிறது. மழைக்காலத்தில் ஏரியின் உப்பு குறையும், கோடையில் ஏறும். கரையோர நிலமும் ஆழமில்லாத கிணறுகளும் இதே போக்கில் மாறுகின்றன. இங்குள்ள நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கடலை ஒட்டிய மணல்மேடு. இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் படர்ந்திருக்கும் இடம் இது. இங்கே புல்தரை போடக்கூடாது. இந்த இரண்டு செடிகளும்தான் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றை அகற்றினால் மணல் பறக்கும். புயல் அலைக்கு ஊர் திறந்துவிடும். இவற்றின் இடத்தில் வேறு எந்தப் புல்லும் அந்த வேலையைச் செய்யாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் மணல்மேடுகளைக் கலைப்பதை அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான சேற்று நிலம். ஏற்றத்தின்போது நீர் ஏறி இறங்கும் இடம். உமரிச் செடி தானாக முளைத்திருந்தால் அந்த மண்ணில் உப்பு மிக அதிகம் என்று பொருள். உமரி நிற்கும் இடத்தில் அருகு விதைக்க வேண்டாம்.

மூன்றாவது, வீடுகள் இருக்கும் மேடான மணல் நிலம். தென்னை, வேம்பு, பூவரசு நன்றாக நின்று, வேலியோரத்தில் அருகு தானாகவே படர்ந்திருந்தால் அதுதான் ஏற்ற இடம். நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். மர நிழலிலும் வீட்டுச் சுவரின் வடபுற நிழலிலும் அருகு நிற்காது. மெலிந்து, திட்டுத்திட்டாகக் காணாமல் போகும்.

எந்தப் புல், எந்த விதை?

விதையில் வளர்ப்பதற்கு இந்தக் கரைக்கு ஏற்றது அருகம்புல்தான். கடைகளில் இது 'பெர்முடா புல்' அல்லது 'தூப் புல்' என்ற பெயரில் கிடைக்கும். இது நம் மண்ணிலேயே உள்ள புல் என்பதால் புதிதாக ஒரு அயல் செடியைக் கொண்டுவரும் ஆபத்தும் இல்லை.

'ரை', 'ஃபெஸ்கியூ', 'கென்டக்கி புளூகிராஸ்' என்ற பெயர்கள் பாக்கெட்டில் இருந்தால் வாங்க வேண்டாம். இவை குளிர்நாட்டுப் புற்கள். ரை புல் ஒரு வாரத்திலேயே முளைத்துப் பசுமை காட்டும். கத்திரி வெயிலில் செத்துப்போகும். படத்தைப் பார்த்து ஏமாறுவது பெரும்பாலும் இந்த விதைகளில்தான். கொரியன் புல், மெக்சிகன் புல் என்று நாற்றங்கால்களில் விற்பவை பொதுவாகப் பத்தையாகவும் தண்டாகவும் நடப்படுபவை. அவற்றின் விதை என்று யாராவது விற்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

அருகம்புல் விதை இரண்டு வகையாக வரும். உமி நீக்கிய விதை நல்ல வெப்பத்தில் 7 முதல் 14 நாளில் முளைக்கும். உமியுடன் உள்ள விதைக்கு 2 முதல் 4 வாரம் ஆகும். நமக்கு நன்னீர் குறைவு என்பதால், விலை சற்றுக் கூடினாலும் உமி நீக்கிய விதையே சிக்கனம். ஒரு வாரம் முன்னதாக முளைத்தால் ஒரு வார நீர் மிச்சம். பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதம், தூய்மை, குவியல் எண், பரிசோதனை நாள் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டையும் எறியாமல் வைத்திருங்கள்.

ஏன் தைப்பட்டம்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மானாவாரிப் பயிருக்குச் சொன்னது. இந்தக் கரையில் வீட்டுப் புல்தரைக்குத் தை மாதமே முதல் தேர்வு. காரணத்தைக் கணக்காகப் பார்ப்போம்.

உவர் நில மேலாண்மையில் ஒரு பழைய கணக்கு உண்டு. நீர் நன்றாக வடியும் நிலத்தில், 1 அடி ஆழ மண்ணின் வழியே அரை அடி நன்னீர் இறங்கினால் அந்த மண்ணின் உப்பில் பாதி கீழே போகும். 1 அடி நீர் இறங்கினால் சுமார் 80 சதவீதமும், 2 அடி நீர் இறங்கினால் சுமார் 90 சதவீதமும் கழுவப்படும். ஒரு சென்ட் நிலத்தில் 1 அடி நீரைத் தேக்கி இறக்க வேண்டுமானால் சுமார் 12,000 லிட்டர் வேண்டும். அது ஒரு பெரிய தண்ணீர் லாரி. யாராலும் அதை வாங்கி ஊற்ற முடியாது.

ஆனால் அந்த நீர் நமக்கு இலவசமாக வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. நல்ல ஆண்டில் இது சுமார் 600 மி.மீ., அதாவது 2 அடி நீர். மழைக்கு முன்பே நிலத்தைக் கொத்தி, நீர் ஓடிவிடாமல் சிறு வரப்பு கட்டி வைத்தால், மார்கழி முடியும்போது மேல்மண்ணின் உப்பு பெரிதும் இறங்கியிருக்கும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் மாவட்ட நிலங்களில், வடிகால் உள்ள மணற்பாங்கான பகுதிகள் அடுத்து வந்த பருவமழைகளால் மீண்டதும் இதே முறையில்தான்.

தை மாதத்தில் கிணற்று நீரும் ஆண்டிலேயே நன்றாக இருக்கும் காலம். அப்போது விதைத்தால் சித்திரை வெயிலும் உப்பும் ஏறும் முன் புல்லுக்கு மூன்று மாதம் கிடைக்கிறது. அதற்குள் வேர் ஆழம் இறங்கிவிடும். தையின் முதல் வாரக் குளிரில் முளைப்பு மந்தமாக இருக்கும். எனவே தை நடுவில் தொடங்கி மாசி முதல் வாரத்துக்குள் விதைப்பை முடிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கக்கூடாது. ஒரு கிலோ அருகம்புல் விதையில் ஏறத்தாழ 40 லட்சம் விதைகள் இருக்கும், அவ்வளவு சிறியது. ஒரு கனமழை போதும், எல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். சித்திரை, வைகாசியிலும் விதைக்கக்கூடாது. ஆடி, ஆவணியில் மாலை மழை தொடர்ந்து கிடைத்தால் இரண்டாவது வாய்ப்பாக விதைக்கலாம்.

விதை வாங்கும் முன் செய்ய வேண்டிய நீர்ச் சோதனை

முதல் சோதனைக்குக் கருவி தேவையில்லை. சிறிதளவு விதை மட்டும் வாங்குங்கள். இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 50 விதைகளைப் பரப்புங்கள். ஒன்றுக்குக் குடிநீர், மற்றொன்றுக்கு நீங்கள் புல்லுக்கு ஊற்றப் போகும் கிணற்று நீர் அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர். துணி காயாமல் நிழலில் இரண்டு வாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். குடிநீர்த் தட்டில் 40 முளைத்து, கிணற்று நீர்த் தட்டில் 35 முளைத்தால் கவலை இல்லை. அது 20-க்கும் கீழே போனால் அந்த நீரை வைத்து விதைக்க வேண்டாம். இரண்டு தட்டிலுமே முளைப்பு குறைவாக இருந்தால் குறை விதையில் இருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு டி.டி.எஸ். மீட்டர் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவரிடம் இருக்கும். 1,200-க்குக் கீழே காட்டினால் விதைப்புக்கு ஏற்றது. 1,200 முதல் 2,500 வரை இருந்தால் வேரூன்றிய புல்லுக்கு ஊற்றலாம், விதைக்கு வேண்டாம். அதற்கு மேல் போனால் விதைப்பைக் கைவிட்டு, கீழே சொல்லியிருக்கும் மாற்று வழிக்குச் செல்லுங்கள்.

மீன் கழுவிய நீர், பெட்டியில் ஐஸ் கரைந்த நீர், சோப்புத்தூள் கலந்த துணி துவைத்த நீர் ஆகியவற்றை ஊற்றக்கூடாது. முதல் இரண்டில் கடல் உப்பு, மூன்றாவதில் சோடியம். அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம்.

எவ்வளவு இடத்தில் விதைக்கலாம்?

இதை விதைக் கடையில் முடிவு செய்யக்கூடாது. குடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். மணல் நிலத்தில் முளைக்கும் புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 13 குடம். அதைத் தினமும் மூன்று வாரம் ஊற்ற வேண்டும். கால் சென்ட் என்றால் நாளொன்றுக்கு 3 அல்லது 4 குடம் போதும். முதல் ஆண்டு கால் சென்ட்டில் தொடங்குங்கள். அருகு தானாகவே ஓடிப் படரும் புல் என்பதால் அடுத்த மழைக்கு அது பக்கத்து இடத்தையும் பிடிக்கும்.

மோட்டார் இருக்கிறதே என்று பெரிய பரப்பில் விதைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் இந்த மணல் திட்டில், நம் கிணற்று நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்புநீர் அதன் பல மடங்கு ஏறி வரும். மோட்டார் போட்டுத் தொடர்ந்து இறைத்தால் கிணறே உப்பாகும். அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. ஒரு வீட்டின் புல்தரைக்காகத் தெருவின் குடிநீர் கெடக்கூடாது. புல்லுக்கு நீரைக் கையால் இறைத்தோ குறைந்த நேரம் மோட்டார் ஓட்டியோதான் எடுக்க வேண்டும்.

நிலம் தயாரித்தல்

புரட்டாசியில் நிலத்தை 6 முதல் 8 அங்குல ஆழம் கொத்த வேண்டும். கோரைக் கிழங்குகளைக் கையால் பொறுக்கி அகற்ற வேண்டும். ஒன்று விட்டாலும் அது பத்தாகும். நெருஞ்சி இருந்தால் பூக்கும் முன் பிடுங்க வேண்டும். சுற்றிலும் அரை அடி உயரத்துக்கு வரப்பு கட்டி, மழைநீரை அங்கேயே இறங்க விட வேண்டும். இந்த நேரத்தில் எரு இட வேண்டாம். மழையோடு சத்தும் போய்விடும்.

மார்கழி கடைசியில் வரப்பைக் கலைத்து மீண்டும் கொத்தி, ஒரு சென்ட்டுக்குக் கீழ்க்கண்டவற்றைக் கலக்க வேண்டும். கால் சென்ட்டுக்கு இதில் நான்கில் ஒரு பங்கு.

• ஏரி, குளத்து வண்டல் 2 அங்குல உயரம். உரிய அனுமதியுடன் எடுத்த நன்னீர்க் குளத்து வண்டலாக இருக்க வேண்டும். பழவேற்காடு ஏரியின் சேற்றை எடுத்துப் போடக்கூடாது. அது உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுவது போல.
• நன்கு மக்கிச் சலித்த தொழு உரம் 200 கிலோ. மக்காத எருவில் களை விதையும் கரையானும் வரும்.
• வேப்பம் பிண்ணாக்கு 2 கிலோ, கரையானைக் குறைக்க.
• சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ.

தென்னை நார்க்கழிவு போடுவதானால் மக்க வைத்தது மட்டும் போட வேண்டும். பச்சை நார்க்கழிவில், அதுவும் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில், உப்பு இருக்கும். பொட்டாஷ் தேவைப்பட்டால் 'மூரேட்' வகையைத் தவிர்த்து 'சல்பேட்' வகையை இடலாம். மூரேட் என்பது குளோரைடு உப்பு.

ஜிப்சம் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மண் பரிசோதனையில் களர் என்று வந்தால் மட்டும் போட வேண்டும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. வெறும் உப்பு மட்டும் இருக்கும் மணலுக்கு ஜிப்சம் வீண் செலவு; நன்னீரே மருந்து.

பிறகு பலகையால் இழுத்து மட்டம் செய்து, வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சற்றுச் சரிவு கொடுக்க வேண்டும். நீர் ஊற்றி ஒரு வாரம் விட்டால் மீதமுள்ள களைகள் முளைக்கும். அவற்றைப் பிடுங்கிய பின் விதைக்கலாம். மணல் இளகியிருந்தால் விதை ஆழத்துக்குப் போய்விடும். கால் வைத்தால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் அழுந்தாத அளவுக்கு மிதித்தோ பலகையால் தட்டியோ இறுக்க வேண்டும்.

விதை அளவும் விதைப்பும்

ஒரு சென்ட்டுக்கு உமி நீக்கிய விதை 300 முதல் 400 கிராம்; கால் சென்ட்டுக்கு 75 முதல் 100 கிராம். அதிகம் போட்டால் அடர்த்தியாக வரும் என்று நினைக்க வேண்டாம். கன்றுகள் ஒன்றையொன்று நெருக்கி அழுகும்.

விதையை நன்னீரில் 12 மணி நேரம் ஊறவைத்து வடித்து, கையில் ஒட்டாத அளவுக்கு நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் நாற்றழுகல் குறையும். பிறகு விதையைப் போல் பத்து மடங்கு மணலுடன் கலக்க வேண்டும். இந்த மணல் மழையில் கழுவப்பட்டதாக இருக்க வேண்டும், கடலோரத்தில் அள்ளியதாக இருக்கக்கூடாது.

கலவையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை வடக்கு தெற்காகவும் மறு பங்கை கிழக்கு மேற்காகவும் நடந்து தூவ வேண்டும். காற்று எழும் முன், விடியற்காலையில் தூவுவது நல்லது. தூவிய பின் விளக்குமாறால் மெதுவாக ஒருமுறை இழுத்தால் போதும். கால் அங்குலத்துக்கு மேல் விதை புதையக்கூடாது. பின் பலகை வைத்து மேலே ஏறி மிதித்து அழுத்த வேண்டும். விதை மண்ணோடு ஒட்டினால்தான் ஈரம் பிடிக்கும்.

மேலே வைக்கோலை மெல்லிசாக, மண் அங்கங்கே தெரியும் அளவுக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் பழைய வலையை விரித்து ஓரங்களில் முளை அடித்துவிட்டால் வைக்கோல் பறக்காது, கோழியும் கிளறாது. முளைத்து அரை அங்குலம் வந்ததும் வலையை முழுதாகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் புல் வலைக்குள் ஏறிப் பின்னிக்கொள்ளும். நைலான் துண்டு மண்ணில் தங்கிவிடும். பறவையும் பாம்பும் சிக்கும்.

கடல் பக்கம் 3 அடி உயரத்துக்குத் தென்னங்கீற்றாலோ பனை ஓலையாலோ தட்டி கட்டினால் உப்புக்காற்றும் மணலும் முதல் இரண்டு மாதம் தடுக்கப்படும்.

நீர் விடும் முறை

முதல் இரண்டு வாரம்: பூவாளியால் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக. மேல் அரை அங்குலம் காயவே கூடாது. குழாயை நேராகப் பிடித்தால் விதை குழிக்குள் சேரும்.

மூன்றாம், நான்காம் வாரம்: காலை, மாலை இரண்டு முறை.

இரண்டாம் மாதம்: ஒரு நாளைக்கு ஒருமுறை, பின் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாக ஊற்ற வேண்டும். நீர் ஆழம் இறங்கினால்தான் வேரும் ஆழம் இறங்கும்.

உப்புக்காற்று பலமாக அடித்த மறுநாள் காலை, இலை நனைய ஒரு வாளி நன்னீர் தெளித்தால் நுனி கருகாது.

முதல் கோடை தாண்டிய புல்லுக்கு அடுத்த கோடைகளில் தினமும் நீர் தேவையில்லை. நீர் இல்லாவிட்டால் அருகு பழுத்துக் காயும். ஆனால் மண்ணுக்குள் தண்டு உயிரோடிருந்து முதல் மழைக்கே துளிர்க்கும். சித்திரையில் பழுப்பாக இருப்பதைப் பார்த்து உப்பேறிய கிணற்று நீரை ஊற்றினால்தான் கெடுதல். காய விடுவதே நல்லது.

உரம், வெட்டு, களை

விதைத்து ஒரு மாதம் கழித்துச் சென்ட்டுக்கு 200 கிராம் யூரியா, பதினைந்து நாள் கழித்து மேலும் 200 கிராம். மாலையில் தூவி உடனே நீர் ஊற்ற வேண்டும். மணலில் உரம் தங்காது. ஒரே தடவை நிறைய இட்டால் நேராகக் கிணற்றுக்குப் போகும். குடிநீர்க் கிணற்றை ஒட்டிய பகுதியில் உரம் இட வேண்டாம்.

புல் இரண்டரை அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. கூரிய அரிவாளோ புல் கத்தரியோ போதும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்தால் மணல் மறையும், வேரும் காயாது. பூச்சி மருந்து, களைக்கொல்லி அடிக்காத புல்லை ஆட்டுக்குப் போடலாம். முதல் மூன்று மாதம் ஆட்டை மேய விடக்கூடாது. கன்றை வேரோடு இழுத்துவிடும்.

முதல் இரண்டு மாதம் களைகளைக் கையால் மட்டுமே எடுக்க வேண்டும். வீட்டை ஒட்டி நெல்வயல், தோட்டம் உள்ளவர்கள் புல்தரையைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்து, ஓடிவரும் தண்டுகளை மாதம் ஒருமுறை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அருகு வயலுக்குள் புகுந்துவிடும்.

குறை கண்டால் காரணம் பாருங்கள்

• முளைக்கவே இல்லை: விதை ஆழம் போயிருக்கும், அல்லது இடையில் ஒருநாள் காய்ந்திருக்கும், அல்லது நீரில் உப்பு. தட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.
• முளைத்த கன்றின் நுனி கருகி, மண்மேல் வெள்ளைப் பூப்பு தெரிகிறது: உப்பு ஏறுகிறது. நன்னீரை ஒரே தடவையில் இரு மடங்கு ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள். சிறுகச் சிறுக ஊற்றினால் உப்பு மேலேயே நிற்கும்.
• இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: கிளிஞ்சல் மண்ணில் வரும் இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து மாலையில் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை.
• கன்றுகள் வட்டமாகச் சாய்ந்து அழுகுகின்றன: நீர் அதிகம் அல்லது விதை அடர்த்தி அதிகம். மாலை நீரை நிறுத்துங்கள்.
• திட்டுத்திட்டாக வெற்றிடம்: மீண்டும் விதைக்க வேண்டாம். அடர்ந்த இடத்திலிருந்து தண்டு எடுத்து நடுங்கள்.

புயலில் கடல்நீர் ஏறினால், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் போன்ற நேரங்களில், முதலில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். மேலே படிந்த சேற்றை வழித்து எடுத்து, அடுத்த மழைநீரை அங்கேயே இறங்க விட வேண்டும். மேல் இலை கருகினாலும் உடனே கொத்திவிடாதீர்கள். ஒரு மாதம் பொறுத்தால் அடித்தண்டிலிருந்து துளிர் வரும் வாய்ப்பு உண்டு.

உப்பு அதிகம் என்றால் மாற்று வழி

நீர்ச் சோதனையில் தோற்ற இடங்களில், உங்கள் ஊர் வேலியோரத்தில் தானாக வளரும் அருகம்புல்லின் தண்டுகளை 3 அல்லது 4 அங்குலத் துண்டுகளாக வெட்டி, அரை அடி இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி கார்த்திகை, மார்கழி ஈரத்தில் நடலாம். அந்தத் தண்டு ஏற்கெனவே உங்கள் மண்ணின் உப்பைத் தாங்கி வளர்ந்தது. விதைச் செலவும் இல்லை. உலகின் பல கடலோரங்களில் உவர்நீரைத் தாங்கும் 'பாஸ்பலம்' என்னும் புல்லைப் பெரிய மைதானங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் நல்ல இரகங்களும் பெரும்பாலும் தண்டாகவே நடப்படுகின்றன. உப்பு கூடக்கூட விதையை விடத் தண்டே பாதுகாப்பு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

அதற்கும் இடம் தராத உப்பு நிலத்தில் புல்தரை ஆசையை விட்டுவிடுவதே லாபம். முற்றத்தில் கிளிஞ்சல் பரப்பி, ஓரத்தில் அடப்பங்கொடியை ஓட விட்டால் மணல் அடங்கும், நீரும் வேண்டியதில்லை.

மாத வாரியாக வேலைகள்

• புரட்டாசி: கொத்துதல், கோரை எடுத்தல், வரப்பு கட்டுதல்.
• ஐப்பசி, கார்த்திகை: மழை உப்பைக் கழுவும், நிலத்தைத் தொட வேண்டாம்.
• மார்கழி: நீர்ச் சோதனை, விதை வாங்குதல், வண்டல், எரு, மட்டம் செய்தல்.
• தை நடு முதல் மாசி முதல் வாரம் வரை: விதைப்பு, வலை, தட்டி.
• மாசி கடைசி, பங்குனி: முதல் வெட்டு, யூரியா இரண்டு தவணை.
• சித்திரை, வைகாசி: நன்னீர் இருந்தால் மட்டும் வாரம் இருமுறை நீர், வெட்டு வேண்டாம்.

மண் பரிசோதனைக்கு, விதைக்கும் இடத்தில் ஐந்து இடங்களில் அரை அடி ஆழ மண் எடுத்துக் கலந்து அரை கிலோ, நீர்ப் பரிசோதனைக்குச் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர். இரண்டையும் மார்கழி முதல் வாரத்திலேயே எடுத்து, திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகலாம். மழைக்கு முன் எடுத்த மாதிரி, மழை கழுவிய பின் இருக்கும் உப்பைக் காட்டாது. முடிவு கையில் வந்த பிறகு விதை வாங்கினால் போதும். தை நடுவுக்கு அப்போதும் நாள் இருக்கும்.